கீப்பும் எங்கள் வீட்டுப் பெண் பார்த்தலும்

ஆங்கிலம் தெரியாமல் அவமானப்பட்டவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் ஆங்கிலம் தெரிந்து அவமானப்பட்டவள். அதுவும் அரைகுறையாக இல்லை, நன்றாகவே தெரிந்து. (இத்தனைக்குப் பிறகும் இவளுக்குத் தன்னம்பிக்கை குறையவில்லையே என்று நினைக்கிறீர்களா? குறையாது. எங்கள் வீட்டில் எல்லாரும் முயன்று பார்த்துவிட்டார்கள்.)

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, அதுவும் குலை தள்ள ஆரம்பித்திருந்த காலம். அப்பா காளியப்பன் அங்கே மண்டோர். காட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, அது நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. குரலை வைத்தே சம்பாதித்த மனிதர். ஒரு நிரையின் முனையில் நின்று அவர் கத்தினால் மறுமுனையில் இருப்பவன் வெற்றிலையைத் துப்பிவிடுவான். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பார்வதி, என் அக்கா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். பேச்சு குறைவு. இளையவள் நான், சாந்தி. பெயர் மட்டும்தான் சாந்தி.

நான் அப்போது டவுன் பள்ளியில் ஐந்தாம் படிவம். பாடமெல்லாம் மலாயில். ஆங்கிலம் என்பது ஒரு தனிப் பாடம். பெரும்பாலோருக்கு அது தூங்கும் பாடம். எனக்கு மட்டும் அது உயிர். காரணம் எங்கள் ஆங்கில ஆசிரியை மிஸ் லிம். அவர் ஒரு வாரம் முழுவதும் ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதைப் பிழிந்து காயப்போடுவார். அந்த வருடம் ஒரு வாரம் 'கீப்' வந்தது.

கீப் என்றால் வைத்துக்கொள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வாரத்தில் அந்தச் சொல் என் கண்முன்னால் பெருகிக்கொண்டே போனது. கீப் க்வயட் என்றால் வாயை மூடு. கீப் லெஃப்ட் என்றால் இடப்பக்கமாகப் போ. கீப் எ டாக் என்றால் நாய் வளர்ப்பது. கீப் எ ப்ராமிஸ் என்றால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது. கடிகாரம் டைம் கீப் பண்ணுகிறது, ஆபீஸ் எழுத்தரான கிராணி கணக்கைக் கீப் பண்ணுகிறார், பந்து விளையாட்டில் வலைக்கு முன்னால் நிற்பவன் கீப்பர், பால் கெட்டுப்போகாமல் இருந்தால் அதுவும் கீப். மிஸ் லிம் வாக்கியம் கேட்கக் கேட்க, நான் எழுந்து எழுந்து சொன்னேன். கடைசியில் அவர், "சாந்தி, சிட் டவுன் லா, லெட் அதர்ஸ் ட்ரை," என்று சொல்லவேண்டி வந்தது. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் கீப் அடங்கவில்லை. கோழியைப் பார்த்து கீப் அவே. அம்மாவைப் பார்த்து கீப் கோயிங். பக்கத்து வீட்டு அக்கா சீனி கடன் கேட்டு வந்தபோது டப்பாவையே கையில் கொடுத்து, "கீப் இட்!" என்றேன். (அம்மா பின்னாலேயே ஓடிப்போய் டப்பாவை வாங்கி வந்தார்.) அப்பாவுக்கு ஒரே பெருமை. ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போதெல்லாம், "எம் மவ இங்கிலீசு பேசுனா தொரயே நின்னு கேப்பாரு," என்று சொல்லிவந்தார். துரை நின்று கேட்ட நாள் விரைவிலேயே வந்தது.

எங்கள் பெரிய துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகிகளில் வெள்ளைக்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஊர் திரும்பிவிட்ட காலத்தில் வந்து சேர்ந்தவர் அவர். ஆப்பிரிக்காவில் பல வருடம் செம்பனைத் தோட்டம் பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார். தமிழ் தெரியாது. மலாய் 'தெரிமா காசே' என்ற நன்றியோடு நின்றுவிடும். அலுவலகக் கிராணிதான் அவருக்கு வாயும் காதும். நல்ல மனிதர். யாரைப் பார்த்தாலும் தொப்பியைத் தூக்குவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பெரிய பழுப்பு நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துப் பக்கம் நடப்பார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்திலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை மணியம், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். அவருடைய அம்மா, கண்ணாலேயே எடை போடுகிறவர். தாய்மாமன் ராமையா, லோரி ஓட்டுநர், எல்லாவற்றையும் சத்தமாகப் பேசுகிறவர். எங்கள் வீட்டு முன்கூடம் சின்னது என்பதால் வாசலில் சாக்குப் படுதா கட்டி, லயத்தில் இருந்த நல்ல நாற்காலிகளையெல்லாம் இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். அப்பா, தேய்த்த வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே, புடவையும் பூவுமாக, அழைக்கும்வரை வெளியே வரக்கூடாது என்ற உத்தரவில் இருந்தாள். எனக்கும் ஓர் உத்தரவு இருந்தது.

"தண்ணி குடு. பலகாரம் வை. வாயத் தொறக்காத," என்றார் அம்மா.

"கீப் க்வயட்தானே? தெரியும்மா," என்றேன்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரியை ருசி பார்த்துவிட்டு, "பொண்ணு ஆஸ்பத்திரியில வேல பாக்குதாமே, நெரந்தரமா?" என்று கேட்டார். இவர்களுக்கு அது முக்கியம் என்று கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"இப்போதைக்குத் தற்காலிகந்தாங்க," என்றார் அப்பா. "புள்ள நல்லா வேல செய்யிது. இனிமே பெரிய தொர மனசு வைக்கணும்."

அந்த நேரம் பார்த்து லயத்து முனையில் ஒரு தொப்பி உயர்ந்தது.

பெரிய துரை எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு நாயோடு நேராக வந்தார். எல்லாரும் எழுந்துவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டார். தன் மகளைப் பெண் பார்க்கிற இடத்துக்குப் பெரிய துரையே வந்து நிற்கிறார் என்றால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! மீசை இரண்டு பக்கமும் தானாக ஏறிக்கொண்டது.

துரை அப்பாவிடம் ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கிராணி இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவர் ஆற்றங்கரைக்குத் தூண்டில் போடப் போய்விடுவார். துரை சுற்றிலும் பார்த்தார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். சபையில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படி, "சாந்தி! இங்க வாம்மா. தொர என்னா சொல்றாருன்னு கேட்டு எல்லாருக்கும் சொல்லு," என்றார்.

அம்மா கண்ணால் ஏதோ சொன்னார். நான் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, தாவணியைச் செருகிக்கொண்டு, நீதிபதி தீர்ப்புச் சொல்லப் போவதுபோல முன்னால் வந்து நின்றேன்.

துரை மகிழ்ச்சியோடு அப்பாவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மண்டோர், ஐ வாண்ட் டு கீப் யுவர் டாட்டர்."

கீப்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உலகத்தில் அத்தனை வினைச்சொற்கள் இருக்க, அது என்னைத் தேடி வந்திருக்கிறது. நாய் வளர்ப்பதா? இல்லை. கணக்கு எழுதுவதா? இல்லை. வாயை மூடுவதா? இல்லவே இல்லை. ஒரு நொடியில் சரியான பொருளைப் பிடித்துவிட்டேன். நிமிர்ந்து, கணீரென்று சொன்னேன்:

"அப்பா, தொர நம்ம அக்காவ வச்சிக்கணும்னு ஆசப்படுறாரு."

வாசல் அமைதியானது. என் உச்சரிப்பைக் கேட்டு அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"பர்மனெண்ட்லி," என்றார் துரை.

"காலம் பூரா," என்றேன்.

அப்பாவின் மீசை இறங்கியது. ராமையா மாமா கையிலிருந்த வடை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. துரை இவர்கள் மகிழ்ச்சியில் வாயடைத்துப் போனதாக எண்ணியிருக்க வேண்டும், இன்னும் உற்சாகமாகிவிட்டார். மணியத்தை ஒரு பார்வை பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, கல்யாணம் ஆனாலும் கவலை இல்லை, அதற்குப் பிறகும் அவளைக் கீப் பண்ணுவேன் என்றார்.

"கல்யாணம் ஆனாலும் பரவால்லியாம். அதுக்கப்பறமும் வச்சிக்குவாராம்."

"சாந்தி..." என்றார் அம்மா, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில்.

ஆப்பிரிக்காவில் இப்படி மூன்று பெண்களைக் கீப் பண்ணினேன், மூவருக்கும் கல்யாணமாகிக் குழந்தை குட்டிகள், ஒரு குறையும் வந்ததில்லை என்றார் துரை. மூன்று விரலை வேறு காட்டினார்.

"ஆப்பிரிக்காவுல மூணு பேர வச்சிருந்தாராம். புள்ள குட்டியோட எல்லாரும் நல்லாருக்காங்களாம்."

"மை வைஃப் இன்ஸிஸ்ட்ஸ்," என்றார் துரை. அவர் மனைவிக்குப் போன மாதம் கையில் சுடுநீர் பட்டபோது அக்காதான் மருந்து போட்டாள். அந்த நன்றி.

"அவுங்க சம்சாரமே வச்சிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துறாங்களாம்."

ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் காது இரண்டு வேண்டும், ஒன்று உள்ளே வருவதைக் கேட்க, இன்னொன்று தன் வாயிலிருந்து வெளியே போவதைக் கேட்க. அன்றைக்கு என்னிடம் முதல் காது மட்டும்தான் வேலை செய்தது. 'அவன் அங்க ஒருத்திய வச்சிருக்கான்' என்று லயத்தில் எத்தனை முறை காதில் விழுந்திருக்கும்! ஒட்டுக்கடைப் பேச்சு முழுக்க அதுதானே. ஆனால் என் மூளை மிஸ் லிம்மின் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. கீப்புக்கு இருக்கிற அத்தனை பொருளையும் மனப்பாடம் செய்திருந்த எனக்கு, வச்சிக்கிறதுக்குத் தமிழில் இருக்கிற இரண்டாவது பொருள் நினைவுக்கே வரவில்லை.

துரை கடைசியாக நல்ல செய்தியை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் அவளுக்கு உண்டு.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால தனியா ஒரு வீடும் எடுத்துக் குடுக்குறாராம்," என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

முதலில் எழுந்தது மாப்பிள்ளையின் அம்மா. "எந்திரி தம்பி," என்றார் மகனிடம். "ஏம்மா, எங்கள வரச் சொல்லி இந்தக் கூத்தக் காட்டத்தானா?"

"வேன எடு லா!" என்று ராமையா மாமா யாருக்கோ கத்தினார். (வேனை ஓட்டி வந்ததே அவர்தான்.)

அப்பா எதுவும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெல்ல எழுந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அடிதடி என்றால் நல்ல சட்டையைப் பாழாக்க மாட்டார். அவர் கண் கூரை ஓரத்தில் சாத்தியிருந்த, குலை வெட்டுகிற நீளமான அரிவாளின் மேல் போய் நின்றது. அம்மா ஓடிப்போய் அதன் குறுக்கே நின்றுகொண்டார்.

இப்போதுதான் துரைக்கு ஏதோ சரியில்லை என்று உறைத்தது. இரண்டு கையையும் தூக்கி, "கீப் யுவர் ஷர்ட் ஆன், மண்டோர்! கீப் யுவர் ஷர்ட் ஆன்!" என்றார்.

ஆத்திரப்படாதே என்பதற்கு ஆங்கிலத்தில் அப்படியும் ஒரு பேச்சு உண்டு. மிஸ் லிம் அதுவரை வந்திருக்கவில்லை. நான் கடமை தவறாமல், "அப்பா, சட்டையக் கழட்ட வேணாங்கிறாரு," என்றேன்.

"எஞ் சட்டையப் பத்தி அவன் யாரு பேசுறது?" அப்பாவின் குரல் திரும்பி வந்துவிட்டது. செம்பனைக் காட்டின் கடைசி நிரைவரை கேட்டிருக்கும். "எம் மவள வச்சிக்கிறானாமா? என் வாசல்ல வந்து, என் மொகத்துக்கு நேரா கேக்குறானா?"

அந்தக் கணத்தில்தான், அப்பாவின் வாயிலிருந்து கேட்டபோதுதான், அந்தச் சொல் எனக்குத் தமிழாகக் கேட்டது. ஏதாவது சொல்லிச் சரிப்படுத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை, மலாய்கூட வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே நான் கீப் க்வயட் ஆனேன்.

கதவு திறந்து அக்கா வெளியே வந்தாள்.

அழைக்காமல் வந்தாள். தலையில் பூ, கையில் தேநீர்த் தட்டு. தட்டை அமைதியாக ஸ்டூலில் வைத்தாள். என்னைப் பார்க்காமலேயே என்னைத் தாண்டிப் போய் துரையின் முன்னால் நின்று, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். தினமும் ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன காயம் என்று துரைக்குச் சொல்லிப் பழகியவள், அவளுக்கு அது ஒரு வேலையாகவே இல்லை. பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"வேலையிலப்பா."

"என்னா?"

"வேலையில வச்சிக்கிறாராம். என் வேலைய நெரந்தரமாக்க மேலிடத்துல உத்தரவு வாங்கிட்டாராம். குவார்ட்டர்ஸ் அந்த வேலைக்குள்ளது. ஆப்பிரிக்காவுல இருந்த மூணு பேரும் அவரு தோட்டத்து நர்சுங்க."

வேலையில. ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை நான் எங்கேயோ போட்டுவிட்டு வந்திருந்தேன்.

அப்பா பொத்தானில் கை வைத்தபடியே நின்றார். கழற்றுவதா போடுவதா என்று அவருக்கே தெரியவில்லை. துரை அக்காவைப் பார்த்து, ஏன் எல்லாரும் இப்படிக் கோபமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா வேறு வழியில்லாமல் சொன்னாள்: "சார், மை சிஸ்டர் டோல்ட் மை ஃபாதர் யூ வாண்ட் டூ வைவ்ஸ்."

துரையின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. பழுத்த செம்பனைக் குலை அந்த நிறத்தில்தான் இருக்கும். என்னைப் பார்த்தார். தான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும், மனைவியே கட்டாயப்படுத்தி, ஆப்பிரிக்காவில் மூன்று. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அம்மாவிடம் ஒரு தடவை குனிந்தார், மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒரு தடவை குனிந்தார், குனிந்தபடியே பின்னால் நகர்ந்தவர் வாசல் லோங்காங் சாக்கடையில் ஒரு காலை விட்டுவிட்டார். மேலேயிருந்த நாய், பிடித்திருந்த கை விலகியதும் நேராகப் போய்க் கேசரித் தட்டில் வாயை வைத்தது.

சாக்கடைக்குள் ஒரு காலோடு நின்ற துரையைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது அப்பாதான். பொத்தானெல்லாம் திறந்த சட்டையோடு. இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் "தெரிமா காசே, தெரிமா காசே" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

துரை போனபிறகு மாப்பிள்ளையின் அம்மா நின்றபடியே இருந்தார், உட்காரவும் இல்லை, வேன் பக்கம் போகவும் இல்லை. அக்கா தலையைக் குனிந்து நின்றாள். அழைக்காமல் வெளியே வந்து, வெள்ளைக்காரனிடம் நேருக்கு நேர் பேசிய பெண்ணை யார் எடுப்பார்கள் என்று அம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது. என் அக்காவின் வாழ்க்கையை நான் ஒரு வினைச்சொல்லால் முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதுவரை ஒரு சொல்லும் பேசாமலிருந்த மணியம் தொண்டையைச் செருமினார். அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"அந்தக் குவார்ட்டர்ஸ்ல... புருசனும் கூட இருக்கலாமா?"

அக்கா நிமிர்ந்தாள். "கேட்டுச் சொல்றேன்," என்றாள். பிறகு, "நானே கேக்குறேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது ராமையா மாமா. வடையோடு சிரித்து அது புரையேறி, அம்மா தண்ணீர் எடுக்க ஓடி, மாப்பிள்ளையின் அம்மா அவர் தலையில் தட்டி, அந்தத் தட்டலிலேயே அவரும் சிரித்துவிட்டார். "பேசத் தெரிஞ்ச பொண்ணு," என்று அக்காவைக் காட்டி அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இதுவும் பேசத் தெரிஞ்சதுதான்," என்றார். இரண்டுக்கும் குரல் ஒரே மாதிரி இல்லை.

கல்யாணம் அந்த வருடமே நடந்தது. துரையும் துரைசாணியும் வந்து பரிசு கொடுத்தார்கள். மேடையில் துரை ஏதோ வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தபோது, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, கையை மட்டும் கூப்பிவிட்டு இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை 'வச்சிருக்கேன்' என்று சொன்னாலும் 'வேலையில' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மணியம் அத்தான் பின்னாளில் சொந்தமாக வைத்த கடையில் வேலைக்கு ஆள் சேர்த்தால், "ஒரு பையன வச்சிருக்கேன், வேலையில," என்பார். அக்கா, "மீன் கொழம்பு வச்சிருக்கேன், வேலையில," என்பாள். நான் ஆங்கில ஆசிரியையாகி, ஒரு தலைமுறைக்கே வினைச்சொல் கற்றுக் கொடுத்தாயிற்று. வீட்டில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது.

சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "என்னா நடந்தாலும் சரி, இவ மட்டும் வாயத் தொறக்கக் கூடாது." நானும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும் கீப்தான் அல்லவா! பெயர் கேட்டார்கள், தலையாட்டினேன். படிப்பு கேட்டார்கள், புன்னகைத்தேன். சமைப்பாயா என்றார்கள், அதற்கும் புன்னகைத்தேன். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா கவலையோடு மணியம் அத்தானை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டாராம்:

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்குப் பேச்சு வருமா?"

அத்தான் சொன்னாராம்:

"வரும்மா. அதனாலதான் நாங்க எல்லாரும் பக்கத்துலயே நிக்கிறோம்."